கயிற்றுக் கட்டிலுக்கு முந்தைய ஆறு மணி நேரம்

தமிழ்ச் சிறுகதைகளில் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். வாய் கோணி, ஒரு கை மடங்கி, பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடந்து மற்றவர்களின் மனசாட்சியை உறுத்த வேண்டும். இளமையில் அடாவடி செய்தவர் என்றால் கர்மபலன், நல்லவர் என்றால் விதி. எழுதுகிறவனுக்குச் சௌகரியமான நோய். ஆனால் விழுந்த கணத்துக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையே ஒரு ஆறு மணி நேரம் இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை. என் சண்டை அதைப் பற்றியது.

மூளைக்குப் போகும் பெரிய தமனி ஒன்றில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால் மூளை ஒரேயடியாகச் செத்துவிடுவதில்லை. நடுவே ஒரு பகுதி உடனே போய்விடும். அதைச் சுற்றிலும் பட்டினி கிடந்தபடி உயிரோடிருக்கும் திசு காத்திருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வெளியானது. கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் மருந்து பக்கவாதத்தில் பலன் தருவது 1995இலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் பெரிய குழாயில் சிக்கிய பெரிய கட்டியிடம் அது பெரும்பாலும் தோற்றுப்போகும். அங்கேதான் கருவி வருகிறது. தொடை இடுக்கிலுள்ள தமனி வழியே மெல்லிய கதீட்டரை மூளைவரை செலுத்தி, கட்டிக்குள் ஒரு கம்பிவலையை விரியவிட்டு, அது கட்டியைக் கவ்விக்கொண்டதும் உறிஞ்சியபடி வெளியே இழுக்கிறார்கள். 2015இல் ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து இதன் பலனை உறுதிசெய்தன. அவற்றிலிருந்த 1287 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2016இல் பார்த்தபோது, 2.6 பேருக்குச் செய்தால் ஒருவருக்கு ஊனம் ஒரு படியாவது குறைகிறது என்று தெரிந்தது. மருத்துவத்தில் இப்படியொரு எண் அபூர்வம்.

நம் நாளிதழ்களுக்கு இது 'சாதனை'ச் செய்தி. மருத்துவர் நடுவில், குணமடைந்தவர் பக்கத்தில், பூங்கொத்தோடு ஒரு புகைப்படம். '24 மணி நேரம் வரை காப்பாற்றலாம்' என்று கொட்டை எழுத்து. இந்த 24 ஆபத்தான எண். 2018இல் அச்சான டான் ஆய்வு அந்த வரம்பைச் சொன்னது, ஸ்கேனில் காப்பாற்றத்தக்க திசு மிச்சமிருப்பதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போவதற்கான அனுமதியாகிவிடுகிறது.

கனகம்மாசத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே இருக்கிற ஊர். பெயரே சொல்கிறது, வழிப்போக்கர்கள் இளைப்பாறுவதற்காக ஏற்பட்ட இடம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் போகும் பாதை. இந்தச் சாலையில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு விழுந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது, அவர் ஆந்திரக்காரராக இருந்தாலும். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதே சாலையோர டீக்கடையில் ஒருவர் கையிலிருந்த கிளாஸ் நழுவி, வாய் ஒருபுறம் இழுத்துக்கொண்டால்? அது விபத்தல்ல. அவர் மகன் முதலில் பணத்தை எண்ண வேண்டும். எந்த ஊருக்கு ஓடுவது என்பது அதற்கடுத்த கேள்வி. அதற்குள் யாராவது புறா ரத்தம் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள். எல்லைக்கு அப்பால் கிடைக்கும் பச்சிலைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். அந்த யோசனைகளைக் கேட்டுச் சிரிப்பவர்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்கும் மாற்று வழி என்ன?

'ஏழை நாட்டுக்கு இது ஆடம்பரம். ரத்தக் கொதிப்பைக் கட்டுப்படுத்து, உப்பைக் குறை, புகையை நிறுத்து' என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. அவற்றைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஏற்கெனவே விழுந்துவிட்டவனிடம் உப்பைக் குறைக்கச் சொல்வது மருத்துவமல்ல. ஆடம்பரக் கணக்குப் போடுகிறவர்கள் இன்னொரு செலவை எழுத மறந்துவிடுகிறார்கள். படுத்தவரைப் புரட்டிப் போட, குளிப்பாட்ட, மலம் அள்ள, பத்து வருடம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பது யார்? மனைவி, மருமகள், படிப்பை நிறுத்திய மகள். அந்த உழைப்புக்கு விலை போட்டால் கம்பிவலையின் விலை என்னவாகும் என்று அவர்களே கணக்கிட்டுச் சொல்லட்டும்.

கனகம்மாசத்திரத்தில் கேத் லேப் கட்டு என்று நான் கேட்கவில்லை, அது அபத்தம். மாரடைப்புக்காகத் தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு கோத்த ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டு, முடிவுகள் 2017இல் வெளிவந்திருக்கின்றன. இமாச்சலப் பிரதேசத்தில், நரம்பியல் நிபுணர் இல்லாத மாவட்ட மருத்துவமனைகளில், தொலைவிலிருக்கும் நிபுணர் சி.டி. படத்தைப் பார்த்துச் சொல்ல, பொது மருத்துவரே கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டிருக்கிறார். மலை மாநிலத்தில் முடிந்தது இந்தச் சமதளத்தில் ஏன் முடியாது? திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அடைப்பா, கசிவா என்று பிரித்துச் சொல்ல இரவு இரண்டு மணிக்கும் சி.டி. எடுக்க ஆள், படத்தை உடனே பார்க்க ஒரு நிபுணர், அடைப்பென்றால் ஊசி போட்டுவிட்டு நேரே கருவி இருக்கும் சென்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஒரு 108 வண்டி, போய்ச் சேருமுன்பே அங்கே தயாராக ஒரு குழு. கனகம்மாசத்திரத்திலிருந்து சென்னை சுமார் 70 கிலோமீட்டர்தான்.