எந்த ஈயம்?

வரும் பொங்கல் விழாப் போட்டிகளுக்கான பரிசுக் கேடயங்களைக் கடையில் வாங்காமல் நாமே வார்த்துக் கொடுக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. ஹவுராவின் பழைய உலோகக் கடைகளில் ‘பியூட்டர்’ கோப்பைகளையும் தட்டுகளையும் எடைக்கு வாங்குவது, விடுதியில் உருக்குவது, மணல் அச்சில் ஊற்றுவது. அவ்வளவுதான் வேலை என்றார்கள். செலவும் குறையும், வார்ப்புத் தொழிலுக்குப் பெயர்போன ஊரில் படித்தோம் என்பதற்கு ஓர் அடையாளமும் இருக்கும் என்றார்கள். யோசனையை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அதைச் செய்யப் புறப்பட்டிருக்கும் முறையைத்தான் எதிர்க்கிறேன். கூட்டத்தில் நேரம் போதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவரை அறியாத தமிழர் நம்மில் இருக்க முடியாது. இங்கே அவருக்குப் பெயர் பிக்ரிவாலா. பேரீச்சம்பழம் தருவதில்லை, காசு தருகிறார். மற்றபடி தொழில் ஒன்றே. ஆனால் நம் ஊர்க் கூவலில் வரும் ஈயம் எந்த ஈயம்? வெள்ளீயமா, காரீயமா? இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். ஒன்று ரசத்துக்கு மணம் தருவதாகப் பாட்டிமார் போற்றும் ஈயச்சொம்பின் உலோகம், மற்றொன்று நஞ்சு. நாமோ இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம் என்றால் அது வெள்ளீயம். தூண்டிலுக்கு ஈயக்குண்டு கட்டுகிறோம் என்றால் அது காரீயம். அகராதி படித்த நாம் வேறுபாடு அறிவோம். உருக்கும் சட்டியோ அகராதி பார்ப்பதில்லை.

ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்தால் சரிந்துவிடும் என்று வீட்டில் எச்சரிப்பார்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். சொம்பில் ரசம் இருக்கும்வரை நீரின் கொதிநிலை அதனைக் காப்பாற்றுகிறது. ரசம் தீர்ந்தால் காவலும் தீர்ந்தது. பியூட்டர் என்பது இந்த வெள்ளீயத்தின் உடன்பிறப்பு. நல்ல பியூட்டரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளீயமே இருக்கும். உறுதிக்காக அன்டிமனியும் சிறிது செம்பும் சேர்ப்பார்கள். ஆனால் இது இக்காலத்து நல்ல சரக்கின் கணக்கு. பழைய மலிவுச் சரக்கில் காரீயம் தாராளமாகக் கலந்திருக்கும். காரீயம் மலிவு, எடை மிகுதி, உருகுவதும் எளிது. வேறென்ன வேண்டும் வணிகருக்கு? நாம் வாங்கப் போவது பழைய சரக்கு என்பதை மறந்துவிட வேண்டாம்.

பெலிலியஸ் சாலைப் பக்கம் பழைய உலோகம் வாங்குவோரிடம் சற்று நேரம் நின்று பார்த்தால், நம் பாடநூல்களில் இல்லாத ஒரு கல்வியைக் காணலாம். கையில் எடுத்த உடனே எடையை மதிப்பிடுகிறார்கள். அரத்தால் ஒரு கீறல் கீறி நிறம் பார்க்கிறார்கள். தட்டி ஓசை கேட்கிறார்கள். தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் முறுமுறுவென்று ஓர் ஒலி எழும், காரீயம் ஊமை. காரீயம் மிகுந்த துண்டைத் தாளில் தேய்த்தால் பென்சில் கோடு போலக் கரிய தடம் விழும். இவ்வளவும் தெரிந்த அந்தக் கைகளை நாம் ‘குப்பை பொறுக்குபவர்’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுகிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை.

நம் பங்குக்கு ஆர்க்கிமிடீஸின் வழியும் இருக்கிறது. பொருளைக் காற்றில் ஒருமுறை, நீரில் தொங்கவிட்டு ஒருமுறை நிறுக்க வேண்டும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துடையது 11.3. ஐந்தில் ஒரு பங்கு காரீயம் கலந்தால் அடர்த்தி ஏறத்தாழ 7.9 ஆகிவிடும். இதற்கு ஒரு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். ஆனால் சிறிதளவு காரீயத்தை இந்தத் தராசு காட்டிக்கொடுக்காது. துத்தநாகமும் சேர்ந்திருந்தால் கணக்கே ஏமாற்றும். ஆகையால் தேறிய துண்டுகளையும் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை சோதித்த பிறகே சட்டியில் போட வேண்டும்.

கூட்டத்தில் ஒரு நண்பர், பழைய அச்சகங்களின் ஈய எழுத்துகளையும் வாங்கிச் சேர்த்தால் வார்ப்பு கூர்மையாக வரும் என்றார். உலோகவியல்படி அவர் சொன்னது சரியே. அச்செழுத்து உலோகத்தில் உள்ள அன்டிமனி, ஆறும்போது உலோகம் சுருங்குவதைக் குறைக்கிறது; அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் நிறைகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு காரீயம் அன்றோ? ஒரு கைப்பிடி எழுத்து போதும், தேர்ந்தெடுத்த பியூட்டர் முழுவதும் கெட்டுப்போகும்.

அச்செழுத்தை உருக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறினால் இருபது கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீராம்பூர். 1800-இல் வில்லியம் கேரியும் வார்டும் மார்ஷ்மனும் அங்கே அச்சகம் தொடங்கினார்கள். வங்க எழுத்துகளை வெட்டிய பஞ்சானன் கர்மகாரும் அவர் மருமகன் மனோகரும் அங்கே எழுத்து வார்த்தார்கள். 1812 மார்ச் 11 அன்று மாலை அச்சகம் தீப்பற்றியது. தாள்களும் பல ஆண்டு உழைப்பான கையெழுத்துப் படிகளும் எரிந்தன. எழுத்துகள் உருகிக் குழம்பாகின. ஆனால் சாம்பலைக் கிளறியபோது, ஒவ்வோர் எழுத்தையும் செதுக்கி வைத்திருந்த எஃகுக் கோல்கள் பழுதில்லாமல் கிடைத்தன. உருகிக் கிடந்த உலோகத்தை அள்ளி உடனே மீண்டும் வார்க்கத் தொடங்கினார்கள். முதலில் எடுத்துக்கொண்டது எந்த மொழி தெரியுமா? தமிழ்! ஹூக்ளி ஆற்றங்கரையில், வங்கக் கைகளால், தீயில் உருகிய பழைய உலோகத்திலிருந்து தமிழ் எழுத்துகள் மறுபிறவி எடுத்தன.

எஃகுக் கோல்கள் தப்பியதால்தான் அது நடந்தது. உலோகம் உருகலாம், மீளலாம்; வடிவம் போனால் போனதே. இன்று கைவிடப்பட்ட அச்சகங்களின் எழுத்துகளைப் பின்னர் யாரும் வார்க்கப் போவதில்லை. ஆகவே பழைய கடையில் தமிழோ வங்கமோ எதுவாயினும் ஒரு பெட்டி எழுத்து கண்ணில் பட்டால், அதைப் பெட்டியோடு வாங்கி நூலகத்தில் வைக்கச் சங்கப் பணத்தைச் செலவிடுவோம். அதற்குக் கணக்குக் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லுகிறேன்.

இனி விடுதியில் உருக்குவது. வார்ப்பிரும்பை உருக்க ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்குக் கூபொலா உலை வேண்டும், ஊதுகாற்று வேண்டும், அதன் உறுமலே நம்மைத் தள்ளி நிறுத்தும். பியூட்டரை விடுதி மின்னடுப்பே உருக்கிவிடும். இந்த எளிமைதான் அபாயம். ஈரக் கரண்டியிலிருந்து ஒரு துளி நீர் உருகிய உலோகத்துக்குள் போனால் நொடியில் ஆவியாகி உலோகத்தை முகத்தில் தெறிக்கும். காரீயம் கலந்திருந்தால் மேலே படியும் கசடு தூளாகி விரலில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், இரவு அதே அடுப்பில் மாகி கிளறும்போது வயிற்றுக்குள்ளும் போகும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறு பிள்ளைகளின் மூளையை அது முதலில் தாக்குகிறது. விடுதி ஊழியர்களின் குழந்தைகள் அந்தத் தாழ்வாரத்தில்தான் விளையாடுகிறார்கள்.

நியூயார்க் நகரத் தெருக்களின் சாக்கடை மூடிகள் ஹவுராவில் வார்க்கப்பட்டவை என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். 2007-இல் நியூயார்க் டைம்ஸ் இதழ், இங்கே ஓர் ஆலையில் தொழிலாளர்கள் வெறுங்காலோடு, சட்டையில்லாமல் உருகிய இரும்பை ஏந்திச் செல்வதைப் படத்தோடு வெளியிட்டது. அவர்களுக்குக் காலணி கொடுக்காதது முதலாளியின் குற்றம். நாம் செருப்புக் காலோடு விடுதியில் உலோகம் ஊற்றினால் யாரைக் குற்றம் சொல்வோம்?

எனவே நான் கேட்பது இவ்வளவே. உருக்குவது பல்கலைக்கழகப் பட்டறையில், பட்டறை ஆசிரியர் முன்னிலையில் நடக்கட்டும். தோல் கையுறையும் கண்ணாடியும் மூடிய காலணியும் இல்லாதவர் அருகில் வர வேண்டாம். கரண்டியும் அச்சும் முன்னரே சூடேறி ஈரம் நீங்கியிருக்க வேண்டும். காரீயம் என்று ஐயம் தோன்றிய துண்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். வார்ப்பது கேடயமும் பதக்கமும் மட்டும். குடிக்கும் கோப்பை ஒன்றும் வேண்டாம், எவ்வளவு அழகாக வந்தாலும். ஒன்பது கேடயங்களுக்கு உலோகம் தேறாவிட்டால் மூன்று போதும். மற்றப் பரிசுகள் புத்தகங்களாக இருக்கட்டும். பட்டறை அனுமதிக்கான கடிதத்தைச் செயலாளர் இந்த வாரமே கொடுத்துவிட்டால், அடுத்த ஞாயிறு காலை தராசோடும் வாளியோடும் பெலிலியஸ் சாலைக்குப் போக நான் தயார். வங்க மொழி நன்றாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் உடன் வர வேண்டும். பேரம் பேச எனக்கு வராது.