தீப்பெட்டி இரயில்



சென்ற மே விடுமுறையில் புனே நகரில் பணியாற்றும் மகன் இல்லத்தில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஈரோட்டில் இரயிலேறும்போதே எனக்கொரு கவலை. பேரப்பிள்ளைகளிடம் என்ன பேசுவது? பேரனுக்கு வயது பன்னிரண்டு, பேத்திக்கு ஒன்பது. மராத்தியும் ஆங்கிலமுமே அவர்களுக்குச் சரளம். சென்னிமலைத் தறியைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் நான் சொல்லத் தொடங்கினால், மரியாதைக்குச் சிறிது நேரம் கேட்டுவிட்டு மெல்ல நழுவிவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை மகன் எங்களைக் கோத்ரூடு பகுதியிலுள்ள ஜோஷி சிற்றிரயில் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றான். இரயில் மாதிரிகளின்மீது தீராத பற்றுக்கொண்டிருந்த, காலஞ்சென்ற ஜோஷி என்பவர் பல்லாண்டுக்கால உழைப்பினால் உருவாக்கிய சிற்றுலகம் அது. 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

உள்ளே நுழைந்ததும் வியந்து நின்றோம். ஒரு நகரமே நம் இடுப்பு உயரத்தில் விரிந்து கிடக்கிறது. நிலையங்கள், மேம்பாலம், கைகாட்டிகள், தெருவிளக்குகள், அவற்றினூடே இடைவிடாது ஓடும் இரயில்கள்! எண்பத்தேழு அடி நீளமுள்ள பொருளை ஓரடியாகக் குறைத்துச் செய்வது இவ்வகை மாதிரிகளின் கணக்கு. நம் ஈங்கூர் நிலையத்தின் வழியே செல்லும் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர். அதை இக்கணக்கில் சுருக்கினால் பத்தொன்பது மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு பெருவிரல் அகலந்தான்!

"இது எப்படி ஓடுகிறது?" என்று பேத்தி கேட்டாள். மகன் விளக்கினான். பெரும்பாலான மாதிரிகளில் இரு தண்டவாளங்களே மின்கம்பிகளாகப் பயன்படுகின்றன. சக்கரங்களின் வழியே மின்சாரம் எஞ்சினுக்குள் ஏறிச் சிறு மோட்டாரைச் சுழற்றுகிறது. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் 1891-இல், லைப்சிக் நகரச் சந்தையில், சாவி கொடுத்தால் தண்டவாளத்தில் ஓடும் பொம்மை இரயிலைக் காட்டினார்களாம். அதே நாட்டின் ஹாம்பர்க் நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் 2001-இல் திறந்த சிற்றிரயில் உலகம் இன்று பெரும் புகழ் பெற்றிருக்கிறது. இத்தனையும் என் மகனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு வியப்பாக இருந்தது.

அப்பொழுது விளக்குகளை அணைத்தார்கள். சிறு நகரத்தில் இரவு வந்தது. இரயில் பெட்டிகளின் சன்னல்கள் ஒளிர்ந்தன. அந்த வெளிச்சத்தில் மகனின் முகத்தைப் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் அவன் முகத்தில் பத்து வயதுச் சிறுவன் நின்றான். என் நெஞ்சு துணுக்குற்றது.

அது 1986-ஆம் ஆண்டு. தீப்பெட்டிகளை வரிசையாகக் கோத்து, நூற்கண்டுக் கட்டையை அறுத்துச் சக்கரமாக்கி, அவன் ஓர் இரயில் செய்திருந்தான். அந்த வாரம் பாவு அறுந்து தொல்லை கொடுத்தது, கூலியும் குறைவு. கணக்கில் மதிப்பெண் குறைந்த தாளோடு அவன் அந்த இரயிலையும் கையில் எடுத்துக்கொண்டு தறியருகே வந்தான். "படிக்கிற பிள்ளைக்கு இதுவா வேலை?" என்று பிடுங்கி வெந்நீர் அடுப்பில் எறிந்தேன். அவன் அழவில்லை. அழாததையே அடக்கம் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்!

வெளியே வந்ததும் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்தி, மகன் முன்னிலையிலேயே அந்தக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். "உன் அப்பாவுக்கு நான் செய்தது தவறு" என்றேன்.

மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "அதில் ஒரு சக்கரம் ஆடிக்கொண்டே இருந்ததப்பா. உங்களிடம் சரிசெய்து தரக் கேட்கலாமென்றுதான் எடுத்து வந்தேன்."

நான் தலைகுனிந்தேன். என் திறமையை நம்பி என்னிடம் வந்த பிள்ளையை அல்லவா அன்று விரட்டியிருக்கிறேன்! பேரன் என் கையைப் பற்றிக்கொண்டு, "அப்பாரு, அந்தச் சக்கரத்தை எப்படிச் சரிசெய்வது?" என்று கேட்டான். அந்த மாதத்தில் அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அன்று மாலையே தீப்பெட்டிகளும் அட்டையும் நூலும் கூடத்தில் பரவின. சக்கரத்தின் துளை நட்டநடுவில் அமையாவிட்டால் வண்டி ஆடும் என்று காட்டினேன். ராட்டையின் கதிர் வளைந்தால் தார் எப்படிக் கோணும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். எவரும் நழுவவில்லை. மகனும் தரையில் அமர்ந்து கத்தரித்தான்.

பெற்றோரே, பிள்ளைகளின் படிப்பில் கண்டிப்பு வேண்டியதே. ஆயினும், அவர்கள் கையால் செய்து கொண்டுவருவதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பிறகு மதிப்பெண்ணைக் கேளுங்கள். புனே வரை செல்ல இயலாதோர், சென்னைப் பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையை அடுத்து 2002 முதல் இயங்கும் இரயில் அருங்காட்சியகத்திற்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். அதற்கும் வசதியில்லையேல் நான்கு தீப்பெட்டிகள் போதும்.

நாங்கள் செய்த இரயில் இப்பொழுது பேத்தியின் மேசைமீது இருக்கிறது. அதில் ஒரு சக்கரம் இன்னும் சிறிது ஆடுகிறது. அடுத்த விடுமுறையில் வந்து சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.