வேலை இழந்து வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு மலையில் என்ன வேலை?

டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தபோது, அது நகரத்துச் செய்தி என்று பலரும் கடந்துபோனோம். ஆனால், 2020 ஊரடங்கில் மடிக்கணினியோடு வந்து, சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த பிள்ளைகள் மலையூர்களிலும் உண்டு. இவர்களுக்கு வேலை போனால் ஊர் திரும்புவது என்ற பேச்சே இல்லை. இருப்பது அதே வீடு. சம்பளம் மட்டும் நின்றுவிடுகிறது.

உடனே வீட்டில் சொல்வது, "காட்டைப் பாரு" என்பதுதான். கணக்கு முடித்துக் கிடைத்த பணத்தில் ஆட்டுக்கொட்டகை போடலாம், போர் போடலாம் என்று உறவினர்கள் யோசனை சொல்வார்கள். முதல் வருடத்தில் இது வேண்டாம் என்பதே என் கருத்து. மரவள்ளி கைக்கு வரப் பத்து மாதம் ஆகும். மிளகுக் கொடி காய்ப்புக்கு வர மூன்று ஆண்டு. வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது.

கொல்லிமலையில் ஆள் இல்லாத இடம் காடு அல்ல; காட்டுக்கும் வியாபாரிக்கும் நடுவில் இருக்கும் இடம். மரவள்ளியையே பாருங்கள். ஜவ்வரிசி ஆலைக்குப் போனால் மாவுச்சத்துப் பாயிண்டுக்கு ஒரு விலை. சிப்ஸ் போடுபவர்களுக்கு வேறு விலை. பாயிண்ட் எத்தனை என்பதை ஆலைதான் சொல்கிறது. பத்துப் பேரின் லோடு, அதன் பாயிண்ட், அன்றைய விலை மூன்றையும் ஒரு பருவம் முழுக்க எழுதிவைத்திருந்தால், அடுத்த பேரத்தில் நம் பேச்சுக்கு எடை இருக்கும். கணினியில் இதே வேலையைச் செய்து பழகியவர்தான் இப்போது வீட்டில் சும்மா இருக்கிறார்.

மிளகிலும் இதே கதைதான். ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தரம் பிரிக்கிறார்கள். 550 கிராம் நின்றால் நல்ல தரம். சல்லடையில் சலித்து, ஈரப்பதம் பார்த்து, லிட்டர் எடை போட்டுப் பிரித்தால் கனமான மிளகு தன் விலையைப் பெறும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி விற்றால் அந்த லாபம் அடிவாரத்தில் தரம் பிரிப்பவருக்குப் போகிறது.

சாமை, தினை இங்கே சுருங்கியதற்கு மரவள்ளி தந்த ரொக்கம் ஒரு காரணம். உமி நீக்கப் பெண்கள் பட்ட உலக்கைப்பாடு மற்றொன்று. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அரவை இயந்திரங்களைக் கிராமத்துக்கே கொண்டுவந்து, மகளிர் குழுக்கள் மூலம் பொட்டலமிட்டு விற்க வழிகாட்டியது. இயந்திரம் வந்த பிறகும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிப்பது, லேபிள் அச்சிடுவது, ஜி.எஸ்.டி. கணக்கு, வெளியூர் ஆர்டர், வராத பாக்கி என்று வேலை நிற்காது. இதற்குக் குழுப் பெண்கள் இரவில் நேரம் ஒதுக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். "நம்ம பையன்தானே, நம்ம பொண்ணுதானே" என்று ஓசியில் செய்யச் சொல்கிறோம். மூன்று மாதம் செய்வார்கள். நான்காம் மாதம் ஓசூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறிவிடுவார்கள். பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்க 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம், ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு ஒதுக்கியது. அதில் முதன்மைச் செயல் அலுவலர், கணக்காளர் சம்பளமும் அடக்கம். சமவெளியில் 300 உறுப்பினர் தேவை. மலைப்பகுதிக்கு 100 பேர் போதும் என்றது. அதாவது, இது சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலை என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. நாம்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

அரசுப் பணம் நின்ற பிறகு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிலோவுக்கு இத்தனை என்று விற்பனையில் பிடித்தம் செய்யலாம். பால் சங்கங்கள் அப்படித்தான் செயலருக்குச் சம்பளம் தருகின்றன. சென்னைச் சம்பளம் வராது, உண்மைதான். ஆனால், வாடகையும் கிடையாது.

வேளாண் விரிவாக்க அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி வருபவரைக் காளான் பயிற்சிக்கு அனுப்பிவிட்டுப் பதிவேட்டை மூடிவிடாதீர்கள். பக்கத்துக் குழுவின் கணக்கு நோட்டை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். தை, மாசியில் மிளகு பறிப்பு தொடங்கும். ஈரப்பதமானியும் லிட்டர் அளவையும் யார் கையில் இருக்கவேண்டும், மூட்டைக்கு அவருக்கு எவ்வளவு கூலி என்பதை அதற்கு முன்பே குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிவிடலாம்.