இலவசக் கல்வி எந்த வாயிலில் நின்றுவிடுகிறது?

இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே பிறந்த தமிழ் இளைஞன் ஒருவன், கணினி வலையமைப்பில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புகிறேன் என்று வாய்திறந்து சொன்னால், நம்மவரிலேயே சிலர் நகைக்கின்றனர். "உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்கவே ஆசிரியர் இல்லை, இவனுக்கு முதுநிலைப் பட்டமா? கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்துப் பிழைக்கட்டுமே!" என்கின்றனர். அநுதாபம் பூசிய இந்த அறிவுரையை நாம் அடியோடு மறுக்கிறோம். கொழுந்து பறிப்பவளின் மகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தாற் போதும் என்று துரைமார் எண்ணியிருந்த காலத்து அறிவுரைதான் இது. சொல்பவர் மாறியிருக்கிறார், சொல்லின் பொருள் மாறவில்லை.

இலவசக் கல்வி இந்நாட்டில் 1945ஆம் ஆண்டு மலர்ந்தது. ஆனால், அதன் நிழல் தோட்டப் பாடசாலையின் மீது விழவில்லை. அரசு அப்பாடசாலைகளை ஏற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். ஒரு தலைமுறை முழுவதையும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதன் பேரப்பிள்ளைகளைப் பார்த்து "நீங்கள் ஏன் பின்தங்கினீர்கள்?" என்று கேட்பவர்களை என்னவென்பது!

வலையமைப்பு என்னும் இத்துறையின் வரலாற்றையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு ஒக்தோபர் 29ஆம் நாள் அமெரிக்காவில் இரு கணினிகளுக்கிடையே முதற் செய்தி சென்றது. செர்ப், கான் என்னும் இரு அறிஞர்கள் 1974இல் வகுத்த நெறிமுறைக்கு, 1983 ஜனவரி முதல் நாள் அவ்வலை முழுவதும் மாறியது. உலகை ஒன்றாக்கும் இணையம் அன்று உருவெடுத்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னே, 1981 ஆகஸ்டில், இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத் தமிழர்மீது தாக்குதல் நடந்தது. அந்த 1983ஆம் ஆண்டின் ஆடியிலோ தீவெங்கும் தீ. உலகம் கணினிகளை இணைத்துக் கொண்டிருந்தபோது, நம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வவுனியாவுக்கு வண்டியேறினர். பின்தங்கியதற்குக் காரணம் தேடுவோர் இதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்பாடத்தின் அரிச்சுவடி யாது? முகவரி! வலையிலே சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேண்டும். அஃதில்லையேல் செய்தி வந்து சேராது. பழைய முறையில் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாவென்று கண்ட அறிஞர்கள், எண்ணி மாளாத அளவு முகவரிகள் கொண்ட புதிய முறையை வகுத்தனர். இயந்திரத்துக்கு இத்துணை மதிப்பு! நம் லயத்துக் குடும்பத்துக்கோ? இன்றும் பல தோட்டங்களில் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி, வந்தால் வரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்தபின் கிடைத்த கதை மலைநாட்டில் புதிதன்று. கணினிக்குள்ள முகவரி மனிதனுக்கில்லாத விந்தையை விளங்கிக்கொள்ளத் தோட்டத்துப் பிள்ளைக்கு விரிவுரை தேவையில்லை.

பணத்தின் கதைக்கு வருவோம். முதற் பட்டம் வரையில் அரசு பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லை. மகாபொல உதவிப்பணமும் உண்டு. அநுமதியில் 40 விகிதம் நாடளாவிய திறமைக்கு, 55 விகிதம் மாவட்டப் பங்குக்கு, 5 விகிதம் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு என்பது ஏற்பாடு. அப்பதினாறில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. தெகியோவிற்றையில் பால் வெட்டுபவனின் மகள் முன்னேறிய மாவட்டத்தவளாம்! இரத்தினபுரிப் பங்கிலும், மாணிக்க வியாபாரியின் மைந்தனும் லயத்து மைந்தனும் ஒரே தராசில் நிற்கிறார்கள். இந்த அரைகுறை நீதியும் முதற் பட்டத்தோடு முடிந்துவிடுகிறது. முதுநிலை வாயிலில் பங்கும் இல்லை, மகாபொலவும் இல்லை. அரசு பல்கலைக்கழகமே இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தக் கூலியில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் 33,750 ரூபாய்தான் வந்தது. அதிலே அரிசி வாங்குவதா, மகனுக்கு முதுநிலைக் கட்டணம் கட்டுவதா?

வார இறுதி வகுப்புகள் உண்டே என்பார்கள். உண்டு; கொழும்பிலும் மொறட்டுவையிலும் உண்டு. கொழும்பில் உத்தியோகமும் உறைவிடமும் உள்ளவனுக்கு அவை பொருந்தும்.

விண்ணப்பிக்க நினைக்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்லிவைப்போம். முதுநிலைப் பட்டம் இருவகைப்படும்: பாடநெறி மட்டும் கொண்டது 30 திறமைப்புள்ளிகள், ஆராய்ச்சியும் சேர்ந்தது 60. விளம்பரத்தின் பளபளப்பில் மயங்காது எது எதுவென்று கேட்டறிக. பல்கலைக்கழக விரிவுரையாளராக நிலைபெறவும் கலாநிதிப் பட்டத்தை நாடவும் விரும்புகிறவர்க்கு ஏற்றது பின்னையது. நாம் வேண்டுவதும் அதனையே. ஏனெனில் நமக்கு வேண்டியவர்கள் சம்பளக்காரர் மட்டுமல்லர், கற்பிப்போரும் ஆராய்வோருமாவர்.

"அத்திவாரம் இல்லாமற் கூரையா?" என்னும் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தொழினுட்பப் பிரிவு உயர்தரத்தில் 2013இல் வந்தது; தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அது எத்தனை இடத்தில் எட்டிப் பார்த்தது? அதற்காகப் போராடத்தான் வேண்டும். ஆயினும் அத்திவாரம் இடுவோர் எங்கிருந்து வருவர்? தமிழிலே கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தோடு மல்லாடி வென்ற ஒருவன், திரும்பி வந்து தமிழ்ப் பிள்ளைக்கு அத்துறையைத் தமிழிலே விளக்கினாலன்றோ அத்திவாரம் எழும்!

மலையிலே வலையமைப்பு என்பது பாடப்புத்தகத்தில் முடியும் காரியமும் அன்று. குன்று மறைத்தால் வானொலி அலை மறுபுறம் சேராது. லயம் பள்ளத்தில் கிடக்கிறது. 2021இல் ஊவாவின் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள், பாடங்கேட்பதற்காகக் காட்டுவழி நடந்து பாறைமீது ஏறியதை உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. இதற்குத் தீர்வு இல்லையா? தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்கிலி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, மலிவான கம்பியில்லாக் கருவிகளை நெடுந்தூரத்துக்கு இயங்கவைத்து, கிராமத்து நோயாளியின் கண்ணை நகரத்து வைத்தியர் காணச் செய்தது. அது முதுநிலை மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் செய்த வேலை. நேபாளத்தில் மகாவீர் புன் தமது மலைக்கிராமமான நாங்கியிலிருந்து வலையை விரித்து, 2007இல் மகசேசே விருது பெற்றார். ஏன், நம் தீவிலேயே அநுராதபுரத்து மகாவிலச்சியச் சிங்களக் கிராமம் 2006இல் வீடுகளை வலையில் இணைத்தது. பலாங்கொடைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் அந்த நாள் எப்போது?

சபரகமுவ பல்கலைக்கழகம் 1995 முதல் இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிஹுல் ஓயாவிலே நிற்கிறது. கணிப்பீட்டுப் பீடமும் அதற்கு உண்டு. பலாங்கொடையிலிருந்து பதுளை வீதியில் பஸ் ஏறினால் அதன் வாயிலில் இறங்கலாம். அங்கே வலையமைப்பு முதுநிலை வகுப்பு வார இறுதியில் நடக்கட்டும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுள் ஆண்டுக்குப் பத்துப் பேருக்குக் கட்டணத்தை அரசு ஏற்கட்டும். மாவட்டத்தின் பெயரால் அன்று, தோட்டத்தின் பெயரால் அவர்கள் தெரிவு செய்யப்படட்டும். அப்போதுதான் கேகாலைப் பிள்ளையும் உள்ளே வருவாள். தேர்தல் வந்தால் கூரைத்தகடும் கதிரையும் கொண்டுவரும் தொழிற்சங்கத் தலைவர்களே! மாதந்தோறும் சந்தா எங்கள் சம்பளத்திலே பிடிபடுகிறது. அதிலிருந்து இதுவரை எத்தனை முதுநிலை மாணவருக்குக் கட்டணம் செலுத்தினீர்கள்? தொகையைச் சொல்லுங்கள், இப்பத்திரிகையின் முதற் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.