சோலைமந்திக்கு பிஸ்கட் வேண்டாம்!



முழுப் பரீட்சை முடிந்ததுமே, 'வால்பாறை போகலாமா, டாப்சிலிப் போகலாமா' என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்குமே! நம் கோவை, பொள்ளாச்சிப் பிள்ளைகளுக்கு ஆனைமலை பக்கத்து வீடு மாதிரி. அந்தக் காட்டின் ஒரு பகுதி, 1989ல் தேசியப் பூங்காவானது. இப்போது அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும், சறுக்குமரமும் தேடாதீர்கள். அங்கே வீட்டுக்காரர்கள் விலங்குகள், நாம் விருந்தாளிகள்.

பல வருடங்களுக்கு முன், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வால்பாறைக்கு அழைத்துப் போனேன். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வாந்தி! மேலே போனதும் சாலையோர மரத்தில் சோலைமந்திக் கூட்டம். கறுப்பு முகம், சுற்றிலும் வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல் குஞ்சம். ஒரு பையன் பிஸ்கட்டை வீசினான். ஒரு குரங்கு சரசரவென்று இறங்கி எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தடுக்க வேண்டிய வாத்தியார் நானும் சேர்ந்து தட்டினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சோலைமந்தி, மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்கிற குரங்கு. பழமும், பூச்சியும் அதன் சாப்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர, உலகில் வேறெந்தக் காட்டிலும் அது இல்லை. இங்கேயும் சில ஆயிரம்தான். ஒருமுறை பிஸ்கட் ருசி கண்டால், 'சாலைக்குப் போனால் தீனி கிடைக்கும்' என்று பழகிவிடுகிறது. தாயைப் பார்த்துக் குட்டியும் இறங்குகிறது. வளைவில் திரும்பும் வண்டிக்கு அது தெரியுமா?

வால்பாறையை அடுத்த புதுத்தோட்டம் பகுதியில், தோட்டங்களும் சாலையும் வந்து காடு துண்டு துண்டாகிவிட்டது. மரத்துக்கு மரம் தாவ வழியில்லை. அதனால் தீயணைப்புக்குப் பயன்படுத்திய பழைய குழாய்த் துணிகளை வைத்து, சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். சோலைமந்திகள் அதில் ஜோராக நடந்து போகின்றன!

இந்த விடுமுறையில் போனால், வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட் பைக்குள்ளேயே இருக்கட்டும். கூச்சல் போடாமல் அண்ணாந்து பாருங்கள். எத்தனை குரங்குகள், எந்த மரம், என்ன தின்றன என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.