பூமி தானாக உள்வாங்குவதில்லை

2017 மே மாதம், ஜார்க்கண்டின் ஜரியாவில், ஒரு கடை வாசலில் தரை பிளந்தது. மகன் உள்ளே விழுந்தான். காப்பாற்றப் போன அப்பாவும் போனார். இதை 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

நிலக்கரியை வெட்டும்போது, மேலே உள்ள பாறையைத் தாங்க நிலக்கரியிலேயே தூண்களை விட்டுவைப்பார்கள். கடைசியில் அந்தத் தூண்களையும் எடுப்பார்கள். கூரைப்பாறை நொறுங்கி வெற்றிடத்தில் விழும். நொறுங்கிய கல்லுக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதால், ஓர் உயரத்தோடு அந்த இடிபாடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ள பாறை விழாது. வளையும், அடுக்கடுக்காகப் பிரியும், விரிசல் விடும். அதற்கும் மேலே தரை தொய்ந்து பள்ளமாகும். ஆழம் குறைவென்றால் விரிசல் நேராக வீட்டுத் தரைக்கே வரும். கிணற்று நீர் அந்த வழியே இறங்கும், காற்றும் இறங்கும். மிச்சமிருக்கும் நிலக்கரி காற்றுப் பட்டால் தானே சூடேறிப் பற்றும். ஜரியாவில் 1916இல் பதிவான தீ ஒரு நூற்றாண்டு தாண்டியும் அணையவில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய எல்லைக்கு நேர் மேலே பள்ளம் நிற்பதில்லை, சாய்வாக வெளியே பரவும். இழுவிசை விரிசல்கள் வருவது அந்த விளிம்பில்தான். ஆகவே, "உன் வீட்டுக்கு அடியில் நாங்கள் வெட்டவே இல்லையே" என்ற அதிகாரியின் பதில் அறிவியலே அல்ல.

தடுக்க வழி இல்லையா? வெற்றிடத்தில் தண்ணீரோடு மணலை இறக்கி நிரப்பினால் தரை இறங்குவது வெகுவாகக் குறையும். இதற்கு 1939லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். மணலுக்குத் தாமோதர் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் மணல் நிரப்பினால் செலவு, நிரப்பாவிட்டால் லாபம். யாருடைய தலைக்கு மேல் கூரை விழும் என்று தெரிந்துதான் இந்தக் கணக்கைப் போட்டார்கள்.

பவுரிகளும் புயியாக்களும் சந்தால்களும் தலைமுறைகளாக நிலக்கரி சுமந்த மண் இது. 1943 டிசம்பரில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் தன்பாத் வந்து சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிப் பார்த்தார். அடுத்த மாதமே சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கு அவசரச் சட்டம் வந்தது. (போரைக் காரணம் காட்டிப் பெண்களை மீண்டும் நிலத்தடிக்கு இறக்கியதும் அதே அரசுதான். அதையும் மறைக்காமல் படிப்போம்.)

2009இல் ஒன்றிய அரசு ஜரியாவுக்கும் ராணிகஞ்சுக்கும் சேர்த்து 9,773 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை ஏற்றது. அது மக்களை இரண்டாகப் பிரித்தது: நிலப் பத்திரம் உள்ளவர், இல்லாதவர். பத்திரம் இல்லாதவருக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர். நிலமே மறுக்கப்பட்ட சாதியிடம் நிலத்துக்குப் பத்திரம் எங்கே என்று கேட்கிறார்கள்! அடியில் இருந்த நிலக்கரியை எடுக்கும்போது யாரும் யாரிடமும் பத்திரம் கேட்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்கள் பெல்காரியாவின் சின்னஞ்சிறு அடுக்குமாடி வீடுகளில் கிடக்கிறார்கள். பழைய பிழைப்பு அங்கிருந்து வெகு தூரம். அதனால்தான் புகை கக்கும் தரையை விட்டுப் பலர் நகர மறுக்கிறார்கள். அவர்களை 'பிடிவாதக்காரர்கள்' என்று எழுதும் முன், நிலத்துக்கு அடியில் எங்கெங்கே வெட்டினார்கள் என்ற வரைபடத்தை அவர்கள் படிக்கும் மொழியில் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள் தோழர்களே.