ஆபரேஷனுக்குப் பணம் சேர்ந்தது, ஓய்வுக்கு வழி என்ன?

போன புரட்டாசியில் நமது கிளை ஒரு நல்ல காரியம் செய்தது. நடவு வேலைக்குப் போகும் ஒரு சகோதரிக்கு இரண்டு வருஷமாக ஓயாத உதிரப் போக்கு. மாதத்தில் பாதி நாள் வயலில் நிற்க முடியவில்லை. ரத்தம் வற்றி, முகம் வெளுத்து, ஒரு நாள் வரப்பிலேயே மயங்கி விழுந்து விட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் பெரிய கட்டி, மருந்துக்கு அடங்கவில்லை, எடுத்து விடுவதே நல்லது என்றார்கள். உடனே கிளைத் தோழர்கள் ஓடினார்கள். மூன்று பேர் ரத்தம் கொடுத்தார்கள். பஸ் செலவுக்கும், கூட இருந்தவரின் சாப்பாட்டுக்கும் வசூல் நடந்தது. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கூட்டத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கொண்டோம்.

ஆபரேஷன் நடந்த 16-ம் நாள் காலையில், அதே சகோதரி தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக நம் கண் முன்னாலேயே குழாயடியிலிருந்து நடந்து போனார். நாம் என்ன செய்தோம்? "என்னம்மா, தேவலையா?" என்று கேட்டோம். "தேவலை தோழர்" என்றார். நாமும் போய் விட்டோம். அவருடைய புருஷன், நமது கிளைத் தோழர்தான், அப்போது டீக்கடையில் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். மறுநாள் சகோதரி நடவுக்கும் போயிருக்கிறார். மூன்றாம் நாள் குளிர் ஜுரம். கட்டி கட்டியாக ரத்தம், துர்நாற்றம். திரும்பவும் ஆஸ்பத்திரி. உள் தையலில் சீழ் பிடித்திருந்தது. இன்னும் 9 நாள் படுக்கை.

"டிஸ்சார்ஜ் செய்து விட்டார்களே, குணமாகி விட்டது என்று நினைத்து விட்டோம்" என்றார் அந்தத் தோழர். அவரை மட்டும் குற்றம் சொல்லுவதற்கில்லை. நாமும் அப்படியேதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு அர்த்தம், இனி ஆஸ்பத்திரிக் கட்டில் தேவையில்லை என்பது. அவ்வளவுதான். நட்ட நாற்று பச்சை கட்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அதற்குள் வேர் பிடித்ததா என்று எவனாவது இழுத்துப் பார்க்கிறானா? பயிருக்குக் கொடுக்கும் அவகாசத்தை நம் வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்க நமக்குத் தோன்றவில்லை.

இந்தத் தடவை அந்த டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து கேட்டோம். கேட்டதைத் தோழர்களுக்குச் சொல்லுகிறோம். வெட்கப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் நடப்பது இது.

கர்ப்பப்பையை எடுப்பதில் மூன்று வழி உண்டு. வயிற்றைக் கீறி எடுப்பது, கீழ் வழியாக எடுப்பது, வயிற்றில் சிறு துளைகள் போட்டு எடுப்பது. வயிற்றைக் கீறினால் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வரை இருக்க நேரும். உடம்பு முழுதும் தேற ஆறிலிருந்து எட்டு வாரம். மற்ற இரண்டிலும் சீக்கிரம் வீடு திரும்பலாம், உடம்பும் சீக்கிரம் தேறும். ஆனால் வெளியே காயம் சின்னது என்பதால் உள்ளே நடந்தது சின்னது என்று நினைத்து விடக்கூடாது. எந்த வழியில் எடுத்தாலும், கர்ப்பப்பை இருந்த இடத்தில் உள்ளே தையல் இருக்கிறது. வெளிக்காயம் பத்து நாளில் காய்ந்து பார்க்க அழகாக இருக்கும். உள்தையல் அந்த வேகத்தில் ஆறாது. அந்தச் சகோதரியின் விஷயத்தில் நடந்த மோசமும் இதுதான். வெளியே ஆறியதைப் பார்த்து எல்லோரும் ஏமாந்தோம்.

முதல் சில நாட்கள் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், மலம் இறுகும். துளை போட்டுச் செய்தவர்களுக்குத் தோள்பட்டை கூட வலிக்கும். உள்ளே செலுத்திய காற்றினால் வருவது அது, இரண்டொரு நாளில் போய் விடும். படுத்தே கிடக்கக்கூடாது. மறுநாளிலிருந்தே எழுந்து மெதுவாக நடக்கச் சொல்லுவார்கள், நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காலில் ரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக் கொண்டு இருமினால் வலி குறையும். நம் பாட்டிமார் சொல்லும் பத்தியம் இங்கே வேண்டாம். தண்ணீர் குடிக்காதே, கீரை தின்னாதே, ரசஞ்சோறு மட்டும் போடு என்பதெல்லாம் மலத்தை இறுக்கி, முக்க வைத்து, தையலைத்தான் கெடுக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். கீரை, பருப்பு, முட்டை, பழம் எது கிடைக்குமோ அது கொடுங்கள். ரத்தம் இழந்த உடம்பு. ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் வாசலோடு எறிந்து விடாமல் சாப்பிட வைக்க வேண்டும்.

கீழ் வழியாகக் கொஞ்சம் ரத்தம் அல்லது கசிவு ஆறு வாரம் வரை கூட இருக்கலாம். மாதவிலக்கை விடக் குறைவாகவே இருக்கும், நாளாக நாளாகக் குறையும். இது சாதாரணம். எது சாதாரணமில்லை? ஜுரம். கட்டி கட்டியாக ரத்தம். துர்நாற்றம். காயத்தில் சீழ். நாளுக்கு நாள் ஏறும் வயிற்று வலி. சிறுநீர் இறங்காமல் அடைப்பது, அல்லது தானாகச் சதா கசிவது. ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலிப்பது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி. இவற்றில் ஒன்று வந்தாலும் "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருக்கக்கூடாது. இரவாக இருந்தாலும் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது. பாரம் என்றால் மூட்டை என்று மட்டும் நினைக்கிறோம். நிறைந்த குடம் ஒன்று 10 கிலோவுக்கு மேல் இருக்கும். நனைந்த துணி வாளி பாரம். ரேஷன் அரிசி பாரம். தூக்கு தூக்கு என்று அழும் மூன்று வயதுக் குழந்தையும் பாரம்தான். உட்கார்ந்து கொண்டு, குழந்தையை மடிக்கு வரவழைத்துக் கொள்ளலாம். குனிந்து பெருக்குவதும், குந்தியிருந்து துவைப்பதும் கூடாது. நாள் பூராவும் குனிந்து நிற்கும் நடவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புருஷன் மனைவி உறவும் சுமார் ஆறு வாரம் கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். இதைப் பெண்கள் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆண்கள் தாங்களே தெரிந்து நடந்து கொள்ள வேண்டும்.

இன்னொன்று. கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கு நின்று விடும், பிள்ளை பிறக்காது. பெண்மை போய் விடுவதில்லை. சூல்பையை விட்டு வைத்திருந்தால் உடம்பில் சுரக்க வேண்டியது சுரந்து கொண்டுதான் இருக்கும், என்றாலும் சிலருக்கு நிற்கும் வயது கொஞ்சம் முந்தி வரும். இரண்டு சூல்பைகளையும் சேர்த்து எடுத்து விட்டால் விஷயம் வேறு. உடனே திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. வருஷங்கள் போகப் போக எலும்பு பலவீனப்படும். இளம் வயதில் எடுத்தால் இந்தக் கஷ்டம் அதிகம். ஆகையால் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த முடிவையும் வாங்கி வையுங்கள். சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும். வாரக்கணக்கில் போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "நடிக்கிறாள்" என்று சொல்லும் மாமியார்களும் புருஷர்களும் நம் தோழர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

சரி, ஆறு வாரம் ஓய்வு என்று டாக்டர் எழுதி விடுகிறார். கூலி?

மில் தொழிலாளிக்கு ஒரு வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. நோய்க்கால உதவி என்று வருஷத்தில் 91 நாள் வரை, சராசரி தினச் சம்பளத்தில் 70 சதம் கிடைக்கும். ஆறு வாரம் என்றால் 42 நாள், எட்டு வாரம் என்றால் 56 நாள். 91-க்குள் அடங்கி விடுகிறது. ஆகவே ரிங் பிரேமிலோ வைண்டிங்கிலோ வேலை செய்யும் சகோதரி, சூப்பர்வைசரின் முகத்துக்குப் பயந்து இருபதாம் நாளே ஷிப்டுக்கு வர வேண்டிய அவசியமில்லை. ஆனால் சர்ட்டிபிகேட் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் வாங்க வேண்டும். அதற்கு முன்பு, சந்தா கட்டிய நாள் போதுமான அளவு கணக்கில் இருக்க வேண்டும். இங்கேதான் முதலாளிகள் கை வைக்கிறார்கள். காண்டிராக்ட் என்கிறார்கள், அப்ரண்டிஸ் என்கிறார்கள், ஹாஸ்டல் பெண்கள் என்கிறார்கள். பெயரே பதியாத தொழிலாளிக்கு 70 சதம் எங்கிருந்து வரும்? உங்கள் பெயர் இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்துக் கொள்ளுங்கள். சங்க ஆபீசுக்கு வந்தால் பார்த்துச் சொல்லுகிறோம்.

1961-ல் பிரசவ உதவிச் சட்டம் வந்தபோது கருச்சிதைவுக்கு ஆறு வாரம் லீவு எழுதினார்கள். பின்னால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் சேர்த்தார்கள். கட்டிக்காகக் கர்ப்பப்பையையே எடுத்தவளுக்கு என்று அதில் ஒரு வரி இல்லை.

விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்குப் பணம் கட்டும், வீட்டில் கிடக்கும் 42 நாளுக்கு அரிசி வாங்கித் தராது. அந்தச் சகோதரி 17-ம் நாள் சேற்றில் இறங்கியது அறியாமையால் மட்டுமா? நடவு சீசன் 20 நாள் போனால், அந்த வருஷக் கூலியே போனது மாதிரி. அவருக்குத் தெரிந்த கணக்கு அது. ஆபரேஷன் செய்து கொண்ட உழைப்பாளிப் பெண்ணுக்கு, மில்லானாலும் வயலானாலும், ஆறு வாரக் கூலியை சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். மாநாட்டுத் தீர்மானத்தில் கடைசி வரியாக இல்லாமல், கூலி உயர்வுக் கோரிக்கையோடு சேர்த்தே இதைக் கேட்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவிலிருந்து கரும்பு வெட்டப் போகும் பெண்களைப் பற்றி 2019-ல் சர்க்கார் கமிட்டி விசாரித்தது. சுமார் 82,000 பெண்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பை இல்லை! ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் காண்டிராக்டரிடம் அபராதம். மாதவிலக்கும் வலியும் கூலிக்கு இடைஞ்சல். பிரைவேட் டாக்டர்கள் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். கடன் வாங்கி அறுத்துக் கொள்ளுகிறார்கள், பிறகு ஓய்வு கிடையாமல் அதே கரும்புக் கட்டைத் தூக்குகிறார்கள். தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைத் தடுக்க மாநில சர்க்கார்கள் விதிமுறைகளை அமல் நடத்த வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆகவே தோழர்களே, "எடுத்து விடலாம்" என்று ஒருவர் சொன்னவுடன் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். புற்றுநோய் என்றால், அல்லது உயிருக்கு ஆபத்தான ரத்தப் போக்கு என்றால் தயங்கக்கூடாது. மற்றபடி மாத்திரையிலோ, ஹார்மோன் லூப்பிலோ அடங்கக் கூடிய தொல்லைகள் நிறைய உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரையும் கேட்டு விட்டு முடிவு செய்யலாம்.

சட்டம் வருகிறபோது வரட்டும். குடம் இன்றைக்கே தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் போன கிளைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகவே எடுத்தோம். விவாதம் சுலபமாக இல்லை. "ஆம்பிளை குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும்" என்று ஒரு மூத்த தோழர் எழுந்து சொன்னார். நிலத்தில் இறங்கிப் போலீஸ் தடியை வாங்கியவர் அவர். குழாயடிச் சிரிப்புக்கு அவரே பயப்படுகிறார்! நாமும் நமது வீட்டில் இதுவரை எத்தனை குடம் தூக்கியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்து, அவரை அதிகம் கடிந்து பேசவில்லை. கடைசியில் இப்படி முடிவானது: கிளையில் யார் வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஆபரேஷன் நடந்தாலும், தண்ணீரும் விறகும் ரேஷனும் ஆறு வாரத்துக்குப் புருஷன் பொறுப்பு. புருஷன் இல்லாத வீட்டுக்குத் தோழர்கள் முறை வைத்துப் போவது. வசூல் செய்கிற பணத்தில் பாதியை ஆபரேஷனுக்குச் செலவழிக்காமல், பின்னால் வரும் ஆறு வார அரிசிக்கென்று எடுத்து வைப்பது.

அந்தச் சகோதரி இரண்டாம் தடவை வீடு திரும்பி இன்றைக்கு 23 நாள் ஆகிறது. ஜுரம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். தோழர் காலை ஐந்து மணிக்கே எழுந்து நான்கு குடம் தண்ணீர் கொண்டு வந்து வைத்து விட்டுத்தான் வேலைக்குப் போகிறார். குழாயடியில் மூன்று நாள் சிரித்தார்களாம். நான்காம் நாள் ஒரு பாட்டி அவரைக் கூப்பிட்டு, "அப்படியே எனக்கும் ஒரு குடம் தூக்கி விடப்பா" என்றாராம்.